தட்டில் முளைத்த வெள்ளைப் புள்ளிகள்

புளித்த வாடை அவளுக்கு ஆகவே ஆகாது. தலைவிதியைப் பாருங்கள், கட்டிக்கொண்டவன் பேக்கரிக்காரன், ஆராய்ச்சிக்கு வாய்த்தது ஈஸ்ட். வீட்டிலும் அதே நாற்றம், ஆய்வகத்திலும் அதே நாற்றம். சோறு தொண்டையில் இறங்குவதே பெரிய பாடு.

நெல்லில் ஒரு மரபணுத் துண்டு உண்டு. இருந்த இடத்தை விட்டுத் தன்னைக் கத்தரித்துக்கொண்டு தாவும். நெற்பயிரில் அதைப் பார்க்க ஒரு போகம் காத்திருக்கவேண்டும். ஈஸ்ட்டுக்குள் வைத்தால் ஒரு வாரம் போதும். ஈஸ்ட் ஒரு சத்தைத் தயாரிக்க உதவும் மரபணுவின் நடுவே அவள் அந்தத் துண்டைச் செருகியிருந்தாள். துண்டு உள்ளே இருந்தால், அந்தச் சத்தில்லாத தட்டில் ஈஸ்ட் பட்டினி கிடக்கும். தாவி வெளியேறினால் வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். மூன்று வருஷமாக ஒரு புள்ளியும் இல்லை.

இந்த வருஷம் நாற்பத்தேழு புள்ளிகள்! அவளுடைய வழிகாட்டியான மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையை எழுதி அனுப்பியும்விட்டார். அது அச்சானால் அவளுக்குப் பட்டம். இல்லையென்றால் உதவித்தொகை முடிகிற இந்த மாதத்தோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

அன்று மதியம் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. புள்ளி வந்த தட்டுகளுக்கெல்லாம் பக்கத்தில் "தாமதம்" என்று அவள் கையெழுத்து. பேக்கரியில் ஆள் வராமல் போவது இந்த வருஷம்தான் தொடங்கியது. அந்த நாள்களில்தான் அவளுக்குத் தாமதமாகும். மாவு பிசைந்து கொடுத்துவிட்டு ஓடி வருவாள். கையுறை போட்டால் கை வேகிறதென்று வெறுங்கையால் வேலை செய்வாள்.

"உன் கை பட்டா மாவு துள்ளுதுடி!" என்று கணவன் கேலி செய்வான். இப்போது அந்தக் கையை விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேண்டுமென்றே மாவு பிசைந்தாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். ஆய்வகத்துக்கு வந்து சத்தில்லாத புதுத் தட்டில் ஐந்து விரலையும் அழுத்தினாள். மூன்றாம் நாள் ஐந்து விரலும் வெள்ளையாக, கொழகொழவென்று தட்டில் முளைத்திருந்தன. ரொட்டி ஈஸ்ட்டுக்கு அந்தச் சத்தைத் தானே தயாரிக்கத் தெரியும். சீ! தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. நாற்பத்தேழு புள்ளிகளையும் சோதித்தாள். துண்டு தாவியிருந்தால் விட்டுப்போகும் நெல்லின் சுவடு ஒன்றில்கூட இல்லை.

தட்டை மேடத்தின் மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"என் கை மேடம். கழுவின கை. நம்ம புள்ளி அத்தனையும் ரொட்டி ஈஸ்ட்டுதான்."

மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மூடு அதை, நாறுது. கட்டுரை போயாச்சு. இப்ப யாரு உன்னைக் கேட்டா? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே."

"துண்டு தாவவே முடியாத ஈஸ்ட்டைத் தனித் தட்டுல வெச்சிருந்தோமே மேடம், ஒப்பிட்டுப் பாக்க? அதுலயும் புள்ளி வந்துச்சு. அழுக்குன்னீங்க."

"சொன்னேன். குப்பையில போட்டது யாரு? என் கையா?"

போட்டது அவள் கைதான். பட்டத்துக்கு ஆசைப்பட்டு, தெரிந்தே, ஏழு தட்டுகள். ரொட்டி ஈஸ்ட்டாவது தெரியாமல் ஒட்டியது. இது எந்தச் சோப்புக்குப் போகும்? மேடத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு தன்மேல்.

தன் இடத்துக்குப் போய், கட்டுரை போன பத்திரிகைக்கு நேராக எழுதினாள். புள்ளிகள் நெல்லால் வந்தவை அல்ல, என் கையிலிருந்து வந்தவை. ஒப்பீட்டுத் தட்டுகளை எறிந்தவளும் நானே. அனுப்பிவிட்டுக் கை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். புளிப்பு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நாளைக்கும் ஆள் வரலயாம். கொஞ்சம் பிசைஞ்சு தர்றியா? உனக்கு லேட்டாயிடுமோ?"

"தர்றேன். இனிமே எனக்கு லேட்டே ஆகாது," என்றாள்.