சுல்த்தான் சும்மா இருந்த நேரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு சபூறாவிடம் தேங்காய்த் துருவி இரவல் கேட்கப் போனேன். துருவியோடு இதையும் என் தலையில் கட்டி அனுப்பினாள். கூடவே ஒரு கட்டளை.

"எழுதுறதா இருந்தா ஒழுங்கா எழுதணும் டீச்சரே. சட்டி கெட்டது, பூச்சு கெட்டதுன்னு முடிச்சிடாதீங்க. அவனுக்கு நன்றி சொல்லணும்."

அவன் என்றால் சுல்த்தான். பச்சை உடம்பு, மஞ்சள் தலை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தொண்டை. சபூறாவின் அடுக்களை ஜன்னலோரக் கூண்டில் இருந்த லவ்பேர்ட்.

(சபூறா பேசியது மலையாளம். நாகர்கோவிலிலிருந்து மலப்புறம் ஜில்லா திரூருக்கு வாழ்க்கைப்பட்டு, இங்கேயே பள்ளிக்கூடத்தில் தொண்டை வறண்டு ஓய்வும் பெற்றவள் நான். அவள் பேசுவது என் காதில் தமிழாகவே விழுகிறது. குறை கண்டால் என் காதைத் திட்டுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "அன்று மழை பெய்து..." வேண்டாம். மலப்புறத்தில் மழை பெய்தது என்பதெல்லாம் ஒரு செய்தியா?

இரண்டாவது தொடக்கம்: "சமையல் பாத்திரங்களின் ஒட்டாத மேல்பூச்சு, அளவு கடந்த சூட்டில் சிதைந்து நச்சுப் புகையை..."

இதை சபூறாவிடம் படித்துக் காட்டினேன். கோழியை மஞ்சள் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பேன் இல்லாத வராந்தா இருக்குல்ல, அங்க மாட்டி வைக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கு. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

என்ன திமிர் பாருங்கள். ஆனால் சொன்னது சரிதான்.

3

சபூறாவின் மகள் ஷெர்பினா பிள்ளை பெற்று வந்திருந்தாள். பெண் குழந்தை. இங்கே பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் காற்று படவே கூடாது. வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய துணி திணித்திருந்தது. அவர்கள் படுத்திருந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அன்று குழந்தைக்கு முடி எடுத்துப் பெயர் வைக்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள், பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுட வேண்டும்.

பத்திரிக்கென்றே சபூறாவிடம் ஒரு மண் ஓடு உண்டு. அன்று அதை அவள் தொடவில்லை. ஷார்ஜாவிலிருந்து மாப்பிள்ளை பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த ஒட்டாத சட்டி, கறுத்து மினுங்கிக்கொண்டு அலமாரியில் இருந்தது. சம்பந்தி வந்து பார்க்கும்போது அதுவல்லவா அடுப்பில் இருக்க வேண்டும்?

பத்திரிக்கு எண்ணெய் கிடையாது. வெறும் ஓட்டில், முழுத்தீயில் சுட வேண்டும். சூடு தணிந்தால் உப்பாது. ஒன்றை எடுத்து அடுத்ததைத் தேய்த்து முடிக்கும்வரை ஓடு காலியாகக் காய்ந்துகொண்டே கிடக்கும். சபூறாவின் கைக்கு இது மூச்சு விடுவதுபோலப் பழகிய வேலை. அன்றும் அப்படியே செய்தாள், சட்டியை மட்டும் மாற்றி.

சுல்த்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான்.

"சும்மா இருடா. பிள்ள உறங்குது."

கத்தினான்.

"அறுத்துக் கறியில போட்டுருவேன், பாத்துக்க."

அடுத்த மாவை உருட்டுவதற்குள் தேங்காய்ப் பால் நினைவு வந்தது. சட்டியைத் தீயில் விட்டுவிட்டுப் பிழியப் போனாள். பிழிந்துகொண்டிருக்கும்போது அடுக்களை அமைதியானது. அப்பாடா, ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேட்டானே என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

"அப்புறம்தான் உறைச்சுது டீச்சரே. அவன் என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கான்?"

திரும்பினாள். கூண்டின் அடித்தட்டில் சுல்த்தான்

[இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். இப்படியே இருக்கட்டும்.]

கேஸ் கசிகிறது என்று நினைத்தாள். அடுப்பை அணைத்தாள். திரையை விலக்கிக் குழந்தையை வாரி எடுத்து, பாதி உறக்கத்தில் இருந்த ஷெர்பினாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள், கொட்டுகிற மழையில். சம்பந்தி சைனபியின் கார் கேட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

"பெத்தவளை மழையில நிக்க வச்சுத்தான் உங்க வீட்ல விருந்தா?" என்றாள் சைனபி.

"கிளி விழுந்துடுச்சு இத்தா. உள்ள காத்து சரியில்ல."

(முதல் வரைவில் சைனபியைக் கொடுமைக்காரி ஆக்கியிருந்தேன். சம்பந்தி என்றால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. சபூறா விடவில்லை: "அதைச் சொல்லிக்கிட்டே தன் தலைத்துணியை அவுத்துப் பிள்ளையைப் போர்த்தினது யாரு? அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.)

4

அன்று சாயங்காலம் சபூறாவுக்குக் குளிர்க் காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். பிறகு என்ன சட்டி என்று கேட்டார். காலியாகக் காய்ந்த சட்டியின் பூச்சு புகைந்திருக்கிறது. பறவையின் மூச்சு அதைத் தாங்காது. மனிதருக்குக் காய்ச்சல்போல வந்து போகும். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"நல்லா இருக்கா," என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தா?" என்று ஷெர்பினா கேட்டாள்.

"நல்லா இருக்கான்னு சொன்னேன்ல. அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

(நோட்டீஸாக மாட்ட வேண்டியதை இந்த அடைப்புக்குறிக்குள் மாட்டிவிடுகிறேன். உரிந்த பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும் என்கிறார்கள். முன்பு அதன் தயாரிப்பில் சேர்த்த ஒரு ரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் போகாமல் தங்கிவிட்டது. அதைப் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள். நம் அடுக்களையில் பயப்பட வேண்டியது காலிச் சட்டிக்கும் முழுத்தீக்கும் சாத்திய ஜன்னலுக்கும். சபூறா அந்தச் சட்டியைத் தூக்கி எறியவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, சிறு தீயில், எண்ணெய் விட்டு முட்டை பொரிக்கிறாள். மாப்பிள்ளை கொடுத்தது அல்லவா.)

5

முடிவு ஒன்று. கதைக்குக் கனம் வேண்டும் என்று குழந்தைக்கு மூச்சுத் திணறுவதாக எழுதிக் கொண்டுபோனேன். சபூறா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி விறகடுப்பில் போட்டாள்.

"எழுத்துல கூட வேண்டாம்."

முடிவு இரண்டு. ஜன்னலைத் திறந்ததும் சுல்த்தான் சிறகை உதறி எழுந்து... அதற்கும் தலையை ஆட்டினாள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் எதுக்கு நன்றி சொல்றேன்?"

எனக்கும் வாத்தியார் புத்தி போகாதே. அந்தப் பறவை யாரையும் காப்பாற்ற நினைக்கவில்லை, மூச்சு முட்டி விழுந்தது, அவ்வளவுதான், அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன்.

"மழை நமக்காகவா பெய்யுது டீச்சரே? கிணறு நிறைஞ்சா அல்ஹம்துலில்லா சொல்றோமா இல்லையா?"

இரவல் வாங்கிய துருவியை இன்னும் திருப்பிக் கொடுக்காதது மட்டும் நினைவுக்கு வந்தது.

6

நேற்று சபூறாவே வேலி ஓரம் வந்து நின்றாள்.

"ஒரு வரி மட்டும் மாத்துவீங்களா? 'சும்மா இருடா'ன்னு சொன்னேனே. அதை எடுத்துடுங்க. கடைசியா அவன்கிட்ட நான் பேசினது அதுவும், கறியில போடுறேன்னதும்தான்."

எடுக்க உட்கார்ந்தேன். எடுத்தால் கதை நிற்காது. அவள் அவனை அத்தனை நாள் திட்டியதால்தான் அந்த அமைதி அவள் காதுக்கு எட்டியது. மூன்றாம் பகுதியில் அது அப்படியே இருக்கிறது, நீங்களும் படித்துவிட்டீர்கள். ஆனால் அவள் கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் இது:

சுல்த்தான் கத்தினான். சபூறா ஒன்றும் சொல்லவில்லை. அவன் இன்னும் கத்தினான், குழந்தை விழித்து அழுதது. சபூறா அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்கப் போனாள். பத்திரி ஒன்றுகூட உப்பவில்லை. "இது என்ன, பத்திரியா செருப்புத் தோலா?" என்றாள் சைனபி. "பிள்ள எழுந்துடுச்சு இத்தா" என்றாள் சபூறா. சுல்த்தான் அதற்கும் கத்தினான்.

இது நடக்கவில்லை. நடந்ததை மேலே வைத்திருக்கிறேன். எந்த முடிவை வைத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

இன்று காலை இரண்டையும் கொண்டுபோய் அவள் அடுக்களையில் படித்தேன். காலிக் கூண்டு அங்கேயே தொங்கியது. ஜன்னல் திறந்திருந்தது. சபூறா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எது பிடித்தது என்று நான் கேட்க வாயெடுக்கும்போது உள்ளே குழந்தை வீறிட்டது. சும்மா இரு, சும்மா இரு என்று ஷெர்பினா தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அடக்காதே மோளே," என்று சபூறா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். "கொஞ்ச நேரம் நல்லாக் கத்தட்டும்."