நாசில் பிடிச்சிருக்கு

உங்களுக்கு,

இன்று காலை நம் மாவு மில்லில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அப்போதுதான் யார் எதைச் சொன்னார்கள் என்று விளங்கும். இன்ஜினுக்கு எதிரே, கவிழ்த்த டின் மேல் மெக்கானிக். நீங்கள் போன பிறகு வந்தவர். எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் பட்டப்பெயர் 'அவசரம்'. கோதுமை மூட்டை மேல் உங்கள் அக்கா. வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, உங்கள் தம்பி. நான் உட்காரவில்லை. நீங்கள் போனதிலிருந்து இன்ஜின் கைப்பிடியைச் சுற்றுவது நான்தான்.

டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டுவிட்டது. புதியதை மாட்ட, பழையது வெளியே வர வேண்டும். மெக்கானிக் நேற்றே சுற்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தார். ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை.

"பிடிச்சிருக்கு," என்றார்.

"யாருக்கு யாரைப் பிடிச்சிருக்கு?" என்றார் உங்கள் அக்கா.

"நாசிலுக்கு இன்ஜினை, அக்கா. விடவே மாட்டேங்குது."

"பரவாயில்லையே! சில பேரு வீட்டையே பிடிக்காம கடல் தாண்டிப் போய் உக்காந்திருக்காங்க."

உங்களைத்தான்.

"இன்ஜினையே எடைக்குப் போட்டுட்டு கரண்ட் மோட்டார் வெச்சுடலாம் அண்ணி," என்றான் தம்பி.

"அதை அவர் வந்து முடிவு பண்ணட்டும்," என்றேன். சொன்னதும் ஒரு நப்பாசை. தலை போகிற காரியம் இருந்தால் எழுது, லீவு கேட்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே. இதோ காரியம். நாசில் வராவிட்டால் நீங்கள் வருவீர்கள். 'உங்கள் கை படாமல் ஆகாது' என்று வாக்கியம்கூட மனதில் தயார்.

மெக்கானிக் நாசிலை அழுத்தியிருந்த நட்டுகளைக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தினார். மேலே ஈரச் சாக்கைப் போட்டார்.

"இழுத்தா வராது. உள்ளேருந்து தள்ளணும். நீங்க சுத்துங்கம்மா. வேகம் வந்ததும், காத்தை வெளியே விடுற இந்த நெம்பைத் தட்டி மூடிடுறேன். உள்ளே அடைபடுற காத்தே நாசிலைத் தள்ளிடும்."

சுற்றினேன்.

"என்னம்மா, சுத்துறீங்களா, தாலாட்டுறீங்களா?"

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் காதோரம், "நாசில் வரலேன்னே எழுதிடு. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரும்பு கெட்டது என்று வருகிறவர், இரும்பு சரியானதும் கிளம்பிவிடுவாரே. கையைத் துடைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துச் சுற்றினேன். சாக்குக்குள் 'டப்' என்றது. நாசில் ஒரு விரற்கடை எழும்பி நின்றது.

மெக்கானிக் அதன் கரியைச் சுரண்டிப் பார்த்தார். "கிரீஸ் தடவாம மாட்டியிருக்காரு. திரும்பக் கழட்டணும்கிற நெனப்பே இல்லாத மனுஷன்."

அது நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாட்டியது. நான் விளக்குப் பிடித்தேன்.

புது நாசில் மாட்டியாகிவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, மேசை அதிர்வதால்தான் எழுத்து கோணல். ஆகவே தலை போகிற காரியம் எதுவும் இங்கே இல்லை. ஆனாலும் வாருங்கள். காரணம் கேட்டால், மெக்கானிக் முதலில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் கை கழுவிவிட்டார். தபால்பெட்டி அவர் போகிற வழியில். உங்கள் அக்கா இன்னும் ஏதோ சேர்க்கச் சொல்லி எழுந்து வருகிறார். அதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

"அவசரமாம்மா?" என்கிறார் மெக்கானிக்.

ஆமாம் என்று சொல்லி, ஒட்டிக் கொடுக்கிறேன்.