வினிகர் ஊறும் நேரம்

"விஷம்! இது விஷம் இல்லாம வேற என்னன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க!"

மத்லூபா அந்தக் கையகல பிளாஸ்டிக் தொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோர மெத்தைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுடைய தாயின் மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு ஆண்கள் இப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தார்கள். வாசலில் புழுதிகூட அடங்கவில்லை.

"கத்தாதீங்க மதினி. மாமியோட ரூஹு இன்னும் வீட்டை விட்டுப் போயிருக்காது" என்றாள் சனோபர். அவள் அந்த வீட்டு மருமகள். கையில் தேநீர்த் தட்டு.

"இருக்கட்டும்! இருந்து கேக்கட்டும்! ராவும் பகலும் இந்தத் தண்ணியில வர்ற ஆவியைத்தானே எங்கம்மா மூச்சா இழுத்தா? பாருங்க, அடித்தகடு தெரியுதா? சுண்ணாம்புக் காளவா மாதிரி இருக்கு! கழுவச் சோம்பல்பட்டே எங்கம்மாவக் கொன்னுட்டா!"

தகடு தெரியவில்லை என்பது உண்மைதான். வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து, மத்லூபாவின் சாயம் பூசிய நகம் பட்ட இடத்தில் பழைய சுவர்க் காரை போல உதிர்ந்தது. கோகந்து ஊரில் எங்கள் மஹல்லாத் தெருப் பெண்கள் கண்ணீரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அழுவதற்கு நாற்பது நாள் இருக்கிறது. இது இன்றைக்கு மட்டும்தான்.

"டாக்டர் மூளையில ரத்தம் கசிஞ்சதுன்னுல்ல சொன்னாராம்?" என்று அடுத்த வீட்டுக் கரோமத் மெல்லக் கிளப்பிவிட்டாள்.

"ரத்தம் சும்மா கசியுமா? மூச்சு சரியில்லாமத்தான் கசிஞ்சிருக்கு!"

சனோபரின் கண் மத்லூபாவிடம் இல்லை. வாசலுக்கு எதிரே, உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்த இனோபத்தின் முகத்தில் இருந்தது. இனோபத் சம்பந்தியாக வரப்போகிறவள். அவள் மகனுக்கும் சனோபரின் மகள் குல்ருக்குக்கும் போன மாதம்தான் ரொட்டி பிட்டு நிச்சயம் செய்தார்கள். பிட்ட ரொட்டியைத் திருப்பி அனுப்பிய வீடுகளும் எங்கள் மஹல்லாவில் உண்டு. மாமியாரைக் கொன்றவள் பெற்ற பெண் என்று ஒரு பேச்சு இந்த வாசலைத் தாண்டினால் போதும், குல்ருக்கை அப்புறம் எந்த வீடும் கேட்டு வராது. இனோபத் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொட்டியின் கதை இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முழுசாகத் தெரிந்தவள் சனோபர்.

ஹூரினிசா மாமிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். குறட்டை ஒரு கட்டத்தில் சட்டென்று அறுந்துபோகும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு லாரி கிளம்பும். தாஷ்கந்தில் இருக்கும் மத்லூபாவின் வீட்டுக்காரர் கொரியாவிலிருந்து மூச்சு மெஷின் ஒன்றைத் தருவித்துக் கொடுத்தார். முகத்துக்கு ஒரு மூடி, யானைத் துதிக்கை போல ஒரு குழாய், காற்று வறண்டு போகாமல் இருக்க இந்தத் தண்ணீர்த் தொட்டி. தாஷ்கந்திலிருந்து மெஷின் வந்தது. கழுவுகிற கை மட்டும் கோகந்தில் இருந்தது.

தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, குழந்தைக்குத் தேய்க்கும் ஷாம்பு ஒரு சொட்டு விட்டு அலசி, துண்டின்மேல் கவிழ்த்து நிழலில் காயவைக்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வினிகரும் தண்ணீருமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறப்போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த வேலைக்கு இரண்டு மேஸ்திரிகள். காலையில் தாஷ்கந்திலிருந்து கைபேசியில் மத்லூபாவின் முகம் வரும், வாயில் ரொட்டியோடு: "தூக்கிப் பிடி. வெளிச்சத்துக்குக் காட்டு. மூலையத் திருப்பு." அது முடிந்ததும் மாமி தொட்டிக்குள் மூக்கை விட்டு முகர்வாள். "வாடை. மறுபடி."

மறுபடி கழுவினால் மறுபடி முகர்வாள். நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தொட்டியை நீட்டிக் கொடுத்தால் சரி என்று அர்த்தம்.

சனோபரின் தாய் மர்கிலானில் மௌத்தான காலை ஒரு வெள்ளிக்கிழமை. சாவுச் சேதி வந்ததும் சனோபர் மேலங்கியை மாட்டினாள். கைபேசியில் மத்லூபா இருந்தாள். "போயிட்டு வா, யாரு வேண்டாங்கறா? ஆனா தொட்டிய ஊறப்போட்டுக் கழுவிக் கவுத்துட்டுப் போ. எடுத்த வேலைய முடிச்சிட்டுத்தான் வாசப்படி தாண்டணும், இந்த வீட்டு வழக்கம்." மாமி கட்டிலில் தலையை ஆட்டினாள். அரை மணி நேரம் வினிகர் ஊறியது. சனோபர் மேலங்கியோடு அடுப்படியில் உட்கார்ந்து, தொட்டிக்குள் ஒவ்வொரு குமிழாக மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மர்கிலானில் அவள் வண்டியை விட்டு இறங்கியபோது மையத்து வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆண்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவள் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவள் மறந்துவிட்டாள் என்று அந்த வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ரொட்டி பிட வந்த மத்லூபா, பெரிய கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். மலையடிவாரத்துச் சுனைத் தண்ணீர். பேர்பெற்ற தோம்லா, மதகுரு ஒருவர், ஓதி ஊதிக் கொடுத்தது.

"இனிமே அம்மா மெஷின்ல இதைத்தான் ஊத்தணும். மூச்சோட மூச்சா துஆ உள்ள போகும்."

"மதினி, சுனைத் தண்ணியில உப்பு சாஸ்தி. அந்தத் தகட்டுல..."

"ஓதின தண்ணிய விட மருந்துக்கடைத் தண்ணி ஒசத்தியா ஒனக்கு? தொட்டியக் கழுவுறதுக்கு முந்தி வாயக் கழுவு!"

மாமிக்கு ஆனந்தம். சனோபர் சரி என்று தலையாட்டினாள். ஓதின தண்ணீருக்குச் சோதனை எதற்கு என்று காலை விசாரணையும் நின்றுபோனது. சனோபர் ஷாம்பு போட்டு அலசினாள், கவிழ்த்தாள், சொன்ன தண்ணீரை ஊற்றினாள். வினிகர்ப் புட்டியை மட்டும் எடுத்து மாவுச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வெள்ளை நாளுக்கு நாள் தடித்தது. தடிக்கட்டும். அடுத்த முறை மத்லூபா நாலு பேரோடு வந்து உட்காரும்போது, 'இந்தாங்க மதினி, ஒங்க தண்ணி' என்று மேஜை விரிப்பின் நடுவில் வைக்க வேண்டும் என்று அந்த வெள்ளையை ஒரு செடி போலப் பத்திரமாக வளர்த்தாள். மாமி நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு, மூடியை முகத்தில் மாட்டிக்கொண்டு கண்ணயர்ந்தவள், எழுந்திருக்கவில்லை. நாலு பேருக்குப் பதில் மஹல்லாவே வந்து உட்கார்ந்துவிட்டது.

"பேச்சு வருதா பாரு! மாடு மாதிரி நிக்கிறா" என்றாள் மத்லூபா. "சொல்லுடி, எதை ஊத்தின?"

சனோபர் தட்டைக் கீழே வைத்தாள். தட்டில் கண்ணாடி மின்கெண்டி இருந்தது. குல்ருக்கின் சீர்வரிசைக்கு வாங்கி வைத்த புதுசு. மௌத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது. மின்கெண்டி நெருப்பில் சேர்த்தியா இல்லையா என்று எங்கள் மஹல்லா இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கெண்டியில்தான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"மதினி, தொண்ட வறண்டிருக்கும். உக்காருங்க. ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் பேசுங்க."

அவள் குனிந்து தேயிலை போட்ட வடிகெண்டிக்குள் வெந்நீரைச் சாய்த்தபோது கரோமத்தின் கண் நிலைகுத்தியது. அதற்காகவே சனோபர் கெண்டியை அவள் மூக்குக்கு நேரே சாய்த்தாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

"அடியே சனோபர், புதுக் கெண்டிக்கு என்ன வந்துச்சு? உள்ள வெள்ளையடிச்சு வச்சிருக்க?"

"நான் அடிக்கல அக்கா. தண்ணி அடிச்சது."

"என்ன தண்ணி?"

"மதினி கொண்டுவந்த ஓதின தண்ணி. மௌத்தான வீட்டுக்கு வர்றவங்க வாயில பரக்கத்தாப் போகட்டுமேன்னு காலையில இருந்து அதைத்தான் கொதிக்கவைக்கிறேன். நீங்ககூட மூணு கிண்ணம் குடிச்சிட்டீங்க. மாமி மெஷினுக்கும் கேன் வந்த நாள்ல இருந்து அதைத்தான் ஊத்தச் சொன்னாங்க. ஊத்தினேன்."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு கெண்டியை. பிறகு மத்லூபாவின் கையிலிருந்த தொட்டியை. இரண்டிலும் ஒரே வெள்ளை.

"அது... அது வேற இது வேற" என்றாள் மத்லூபா.

"ஒரே கேன்தான் மதினி. அடுப்படியிலதான் இருக்கு. கொண்டுவரவா? விஷம்னு நீங்க சொன்னா இவங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். விஷம் இல்லைன்னா நீங்க ஒரு கிண்ணம் குடிங்க."

ஊற்றினாள். எங்கள் பக்கம் மதிப்புள்ள விருந்தாளிக்குக் கால் கிண்ணம், அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். ஆறுவதற்குள் குடித்துத் திரும்ப நீட்டட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று. விளிம்புவரை ஊற்றினால் எழுந்து நட என்று பொருள். சனோபர் நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. விளிம்பில் வந்து, இன்னும் ஒரு சொட்டுக்கு இடமில்லாமல் நின்றது. பிறந்த வீட்டில், பெற்ற தாயை அனுப்பிய நாளில், மத்லூபாவுக்குத் தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம்.



அப்போது இனோபத் தன் கிண்ணத்தை உயர்த்தி மீதியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "ஓதின தண்ணியக் குறை சொல்லக்கூடாது. நல்ல தேத்தண்ணி. எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து சம்பந்தி."

சம்பந்தி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசல் நிலைக்குப் பின்னால் நின்ற குல்ருக் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டாள். சனோபர் இனோபத்துக்குக் கால் கிண்ணம் ஊற்றினாள். மத்லூபா நின்றபடியே அந்த நெருப்புத் தேநீரைக் குடித்தாள். பாதியில் கண்ணில் நீர் வந்தது. நாக்கு சுட்டதா, தாய் நினைவா என்று எங்களுக்குள் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மையத்துக் குளிப்பாட்டிய துர்சுனாய் பின்கட்டிலிருந்து மூட்டையோடு வந்தாள். கடைசியாக உடம்பில் பட்ட உடுப்பு, மெத்தை, போர்வை எல்லாம் குளிப்பாட்டியவளுக்குச் சேரும் என்பது வழக்கம். மூட்டையின் உச்சியில் மெஷின் உட்கார்ந்திருந்தது, குழாய் தொங்கியது.

"அதை எங்க தூக்கிட்டுப் போற? வையி! என் வீட்டுக்காரருக்கே இப்ப அது வேணும், அவர் குறட்டையில மேல் மாடிக்காரன் சண்டைக்கு வர்றான்" என்றாள் மத்லூபா.

"மூடி முகத்துல இருக்கும்போதுதானே மூச்சு போச்சு?" என்றாள் துர்சுனாய். "நான்தானே கழட்டினேன். எனக்கென்ன, வீட்டுக்காரங்க சொல்லட்டும்."

எல்லோரும் சனோபரைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு காரியத்துக்கு அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா" என்றாள். பிறகு மத்லூபாவிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "வழக்கம்னா வழக்கம்தானே மதினி. எங்கம்மா போன அன்னிக்கு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

மத்லூபா தொட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி வாசலுக்குப் போனாள்.

அசர் தொழுகைக்குள் கூட்டம் கலைந்தது. சனோபரின் கணவன் மண் ஒட்டிய காலோடு கபர்ஸ்தானிலிருந்து வந்து, "அக்கா எங்க? கார் இல்லையே?" என்றான். "கிளம்பிட்டாங்க" என்றாள். அவன் தாயின் வெறுங்கட்டிலைப் பார்த்தபடி போய்ப் படுத்தான்.

சனோபர் ஜன்னல் திட்டிலிருந்த தொட்டியை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். மூலையைத் திருப்பினாள். மாவுச் சாக்கை நகர்த்தி வினிகர்ப் புட்டியை எடுத்தாள். கலந்து ஊற்றியதும் வெள்ளை சீறியது, குமிழ் கிளம்பியது. முற்றத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கூப்பிட்டாள். எழுந்து போகாமல் அரை மணி நேரமும் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தகடு பளபளக்க அலசினாள்.  தொட்டிக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

குழாயைத் திறந்து மறுபடி கழுவினாள்.

குல்ருக்கின் கல்யாணம் வருஷம் திரும்பியதும் நடந்தது. ரிஷ்தானில் இருக்கிறாள், மாமியாரோடு ஒத்துப்போகிறது என்று கேள்வி. கண்ணாடிக் கெண்டியை சனோபர் தானே வைத்துக்கொண்டு மகளுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தாள். மத்லூபாவின் வீட்டுக்காரர் கொரியாவுக்கே போய்விட்டார். குறட்டைதான் காரணம் என்கிறாள் கரோமத், அதை நம்புகிறவர்கள் நம்பலாம். மெஷின் துர்சுனாயின் மருமகனிடம் ஓடுகிறது. தண்ணீர் இல்லாத காற்று அவன் மூக்கைக் காயவைத்து ரத்தம் வருகிறதாம். தொட்டியைக் கேட்டு துர்சுனாய் இரண்டு முறை வந்தாள். உடைஞ்சு போச்சு என்று சனோபர் சொல்லி அனுப்பினாள்.

காலையில் அந்த அடுப்படி ஜன்னல் பக்கமாகப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளைத் துண்டின்மேல், நிழலில், அந்தத் தொட்டி கவிழ்ந்திருக்கும். ஓரத்தில் ஈரம் இருக்கும்.