காப்புக்கு முந்தின நாள்

எங்கள் ஊரில் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தேர் முடியும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்ந்தால் வீடு வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும்போது வெளியூரில் இருப்பவர்களை இது கட்டுப்படுத்தாது. அவர்கள் தேருக்கு வந்தால் போதும்.

என் மகள் இலக்கியாவுக்குக் கோடிங்கில் 'இஃப்', 'எல்ஸ்' என்ன என்பதை நான் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

"காப்புக் கட்டுறப்ப ஊருக்குள்ள இருந்தா, வெளியில தங்கக் கூடாது. இல்லேன்னா தங்கலாம். இதக் கம்ப்யூட்டருக்குச் சொல்லு பாப்போம்."

அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். தெருவில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் போட்டுப் பார்த்தாள். லாரி ஓட்டும் மலையாண்டி அண்ணன் மட்டும் தங்கலாம் என்று வந்தது. அந்த மனிதர் எந்த வருஷம் காப்புக்கு ஊரில் இருந்தார்? இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவளை நான் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதற்குக் காரணம் வலிப்பு. ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை வகுப்பிலேயே வந்தது. "யாராச்சும் கூட இருந்தா அனுப்புங்க" என்றார்கள். கூட இருப்பது என்ன, வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று கோபத்தில் பையோடு கூட்டிவந்தேன். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்த மறுமாதமே கழுத்தை நீட்டியவள் நான். படித்தது இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, மகளுக்காவது ஆகட்டும் என்று நினைத்தேன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா ஒரு லேப்டாப் அனுப்பினார்.

இப்போது அவளுக்குப் பதினைந்து. கடைசியாக வலிப்பு வந்து இரண்டரை வருஷமாகிறது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். என் பயத்தைக் குறைக்கத்தான் மாத்திரை இல்லை.

அவள் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் தீர்ந்து ஒரு வருஷமாகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒருநாள் எதையோ செய்து முடித்துவிட்டு, "இத யார்ட்டயாச்சும் காட்டணும் போல இருக்கும்மா" என்றாள்.

"என்கிட்டக் காட்டு."

"ஒன்கிட்டதான் காட்டிட்டேனே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மெயில் என் போனுக்கு வந்தது. திருச்சியில் ரம்யா என்ற பெண், வீட்டிலிருந்து படிக்கும் பெண்பிள்ளைகளுக்காக ஒரு கோடிங் முகாம் நடத்துகிறாள். அந்த வாரமே வெள்ளி, சனி, ஞாயிறு, இரண்டு இரவு அங்கேயே தங்கல். மெயில் வந்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் காப்பு செவ்வாய்க்கிழமை. கீரனூரில் என் தங்கை இருக்கிறாள். திங்கட்கிழமை இவளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் காப்பு இவளைக் கட்டாது, முகாமில் நிம்மதியாகத் தங்கியிருக்கலாம்.

திங்கட்கிழமை நான் வீடு கழுவினேன். மெயிலை மூன்று தடவை படித்தேன். தூக்கத்தில் அவளுக்கு இழுத்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்? அதைவிட, அங்கே போய்விட்டு என்னிடம் திரும்பி வரும்போது நான் அவளுக்கு என்னவாக இருப்பேன்?

புதன்கிழமை காலையில் போனை நீட்டினேன். "ஐயையோ, காப்புக் கட்டியாச்சே ஆத்தா!" என்றேன், அப்போதுதான் பார்த்ததுபோல.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி நான். பழி மட்டும் சாமிமேல்.

அவள் போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பகல்ல போயிட்டு வந்துரலாம்லம்மா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, கீரனூர் வழியாகத் திருச்சி போனோம். கூடத்தில் இருபது பெண்கள். இலக்கியாவை மணமேல்குடி ரஞ்சிதாவோடு உட்காரவைத்தார்கள். ரஞ்சிதாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். காற்றின் வேகத்தைப் பார்த்து, இன்று படகு இறக்கலாமா கூடாதா என்று சொல்லும் ஒன்றை இருவரும் எழுத ஆரம்பித்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரே திரையில் இரண்டு விரல்கள். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!" "ஏ, அது தப்பு!" என் மகள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நாலரை மணிக்கு நான் எழுந்தேன். ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை அன்னவாசலில் பிடிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பாய்களை எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். இலக்கியா செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"இருந்துட்டுப் போகலாமேக்கா" என்றாள் ரம்யா. "ராத்திரி பாயப் போட்டாத்தான் பிள்ளைக மனசு விட்டுப் பேசுவாங்க."

"காப்புக் கட்டியிருக்கும்மா" என்றேன்.

மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாள் இலக்கியா விட்டுவந்த இடத்தை ரஞ்சிதாவும் இன்னொருத்தியும் முடித்துவைத்திருந்தார்கள். ரஞ்சிதா ஒரு வார்த்தை சொன்னாள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ராத்திரி ஏதோ நடந்திருக்கிறது. இலக்கியாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. அந்தப் பிந்திய சிரிப்பை நான் பார்த்துவிட்டேன். பெற்றவளுக்கு அதைவிடத் தண்டனை வேறு வேண்டாம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கீரனூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"மெயிலு ஞாயித்துக்கெழமையே வந்துருச்சு இலக்கியா. திங்கக்கெழமை ஒன்னயச் சித்தி வீட்டுல விட்டிருக்கலாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "தெரியும்மா. மெயில்ல தேதி போட்டிருந்துச்சே. அந்த இஃபு, எல்ஸு நீதானே சொல்லிக்குடுத்த."

"ஏன்டி கேக்கல?" என்றேன்.

"ஒனக்குப் பயமா இருந்துச்சு. கேட்டா அழுதிருவ."

கேட்காமலே அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அடுத்த தடவை அனுப்புவியா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "அனுப்புறேன்" என்றேன். "காப்பே இருந்தாலும் ரெண்டு நாளைக்கு முந்தியே அனுப்புறேன். நான் சுவரோரமா உக்காரவும் மாட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காலையில் ரஞ்சிதா என்ன சொன்னாள் என்று சொல்லத் தொடங்கினாள். மத்தியானம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். ஏதோ ஒன்று முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம், படகு கரையிலேயே நின்றதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முடித்ததும் நான் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

"புரியலேல்ல?" என்றாள்.

"புரியல ஆத்தா."

என் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.