சந்தனம் வைத்த சுவிட்ச்

கோழித்தீவன ஆலையின் சர்வர் அறைக்குள், அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் குணசீலன் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அட்டையைக் காட்டினால் திறக்கிற கதவு, கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி உயிரோடிருந்தால்தான் திறக்கும். அதற்காகவே சுவிட்சுக்கு இரண்டு பவர் கேபிள் கொடுத்திருந்தான். ஒன்று நேர் கரண்டுக்கு, ஒன்று யுபிஎஸ்ஸுக்கு. ஆயுத பூஜையன்று சீரியல் லைட் போட யுபிஎஸ் கேபிளைப் பிடுங்கிய எலக்ட்ரீஷியன் தங்கமுத்து, திரும்பச் செருகவே இல்லை. இன்று கரண்ட் போய் வந்தது. சுவிட்ச் மறுபடி உயிர்பெறும்போது பாதியில் நின்றுவிட்டது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே கதிதான்.

தங்கமுத்துவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே லேப்டாப் ஒயரை, கோளாறு பார்ப்பதற்கென்றே சுவிட்சில் இருக்கும் கன்சோல் போர்ட் ஓட்டையில் செருகப் போனான். மாட்டினால் இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். போர்ட் முழுக்கச் சந்தனம், கல்லாய்க் காய்ந்திருந்தது.

வெளியே தங்கமுத்து கதவைத் தட்டினார். "ஏனுங்க சார், ஒயரை மாட்டிட்டீங்களா?"

"எங்கீங்க மாட்டறது? ஓட்டையெல்லாம் சந்தனமுங்க!"

"எந்தக் கூறுகெட்டவனுங்க அதுல போயி பொட்டு வெச்சது?"

அறைக்குள் ஈ, காக்கை கூட இல்லை. இருந்தும் குணசீலன், அன்று பொட்டு வைத்த மோதிர விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டான்.