விரிசல் விடாத பூச்சு

மேஸ்திரி பூசிய சுவர் விரிசல் விட்டது என்று நாற்பது வருஷத்தில் ஒரு வாய் சொன்னது கிடையாது. அவரோடு சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டவர்கள்கூட, பூச்சு என்று வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நல்ல பெயரே கடைசியில் அவர் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்?

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் இடத்தில் இருபது வருஷம் தூசியைத் தின்றவர். நுரையீரல் பாழாகி வீட்டோடு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே நான் படுக்கிற வீட்டுல அந்தச் சனியன் ஒரு பிடிகூட இருக்கக் கூடாது." அதனால் மண் வீடு கட்டுகிறவர்களை வரவழைத்து, நாலு மூலைக்கும் கல்தூண் நிறுத்தி, மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து அச்சில் அழுத்திய கற்களை அடுக்கி, மேலே ஓடு போட்டார்கள். சூளையில் சுடாத கல். பூச்சும் மண்ணும் சுண்ணாம்பும்தான். குடிபோன ஒரு மாதத்தில் மாப்பிள்ளை இருமாமல் தூங்க ஆரம்பித்தார். மேற்குப் பக்கத்து மனையில் தகரக் கொட்டகை போட்டிருந்த டெய்லர் அதைப் பார்த்துவிட்டு, தானும் அப்படியே கட்டப்போவதாகச் சொல்லி மண்கற்களை இறக்கியே வைத்துவிட்டார்.

மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. வேலைக்குப் போன இடமெல்லாம் கேலி. "ஊருக்கெல்லாம் மாளிகை, கூடப் பொறந்தவளுக்கு எலி வளையா?" என்றான் ஒருவன். "மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கக் கூடாதுன்னு தங்கச்சிக்குச் சொல்லலியா?" என்றான் இன்னொருவன். கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பயத்தை என்ன செய்வது? மழை மேற்குச் சுவரில்தான் அடிக்கும். சீக்காளிப் புருஷனை வைத்துக்கொண்டு ஒண்டியாக இருப்பவள் என்ன செய்வாள் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையைச் சோதனைக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; தங்கையும் துணைக்கு அங்கேயே தங்கினாள். மேஸ்திரி யாரிடமும் மூச்சு விடாமல் மேற்குச் சுவரில் கை வைத்தார். வெளிப்பக்கத்துப் பழைய பூச்சைச் சுரண்டினார். கம்பி வலையைத் தூணுக்குத் தூண் இழுத்து அறைந்தார். அதன்மேல் கெட்டியாக சிமெண்ட் கலவை. வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார். சொந்த வீட்டுக்குக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் பூசியதில்லை.

தங்கை திரும்பி வந்ததும் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மண் சுவரு மூச்சு விடணும்னு கட்டிக் குடுத்தவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே. நனைஞ்சா காயணுமாம். நீ அது வாயைப் பொத்திட்டியே."

"சுவருக்கு ஏதுடி மூக்கும் வாயும்?" என்று சிரித்தார் மேஸ்திரி.

அண்ணன் மனசு நோகக் கூடாதென்று அவள் விட்டுவிட்டாள். கிழக்கு வாசல் வழியாக வந்து படுத்த கணவரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் நடந்த தப்பு அதுதான்: ஆளாளுக்கு அன்பாக இருந்துவிட்டார்கள்.

மழை ஒன்பது நாள் விடாமல் பிடித்தது. ஜன்னல் சட்டத்தின் ஓரத்து மயிரிழை இடைவெளியில் இறங்கிய தண்ணீரும், தரையிலிருந்து ஏறிய ஈரமும், வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கின. பத்தாம் நாள் மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, சுவரு வேர்க்குது."

மேஸ்திரி ஓடி வந்து உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் முதல் கணு வரைக்கும் உள்ளே போயிற்று. இடுப்பு உயரத்தில் சுவர் பிதுங்கி நின்றது. அதை ஒட்டித்தான் மாப்பிள்ளையின் கட்டில், தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர்.

"வெளிப்பூச்சை எடுத்துட்டா ஈரம் வடிஞ்சிரும்," என்று உளியும் சுத்தியலுமாக மழையில் இறங்கினார். அடித்தார். பூச்சு விட்டுக்கொடுக்கவில்லை. நெஞ்சு வலிக்க வலிக்க அடித்தார். கைப்பிடி அளவு பெயர்ந்த இடத்தில் சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு மண்ணும் கூழாக வந்தது. "விட்டுரு, விட்டுரு" என்று சுவரிடம் கெஞ்சினார். இந்த ஒரு வேலையையாவது அரைகுறையாகச் செய்து தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டு அழுதார்.

உள்ளே தொப்பென்று ஒரு கல் விழுந்தது. உளியை எறிந்துவிட்டு ஓடி, சாரக் கம்புகளை இழுத்து வந்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு சிலிண்டரைக் கட்டில்மேலேயே கிடத்தி, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைத் தூக்கினார்கள்.

"என்ன மச்சான் சத்தம்?" என்றார் மாப்பிள்ளை, முகமூடியை விலக்கி.

"ஒண்ணுமில்ல மாப்ள. கொஞ்சம் காத்தாடப் படுக்கலாம்."

"இந்த மழையிலயா?"

டெய்லரின் கொட்டகையில் கட்டிலை இறக்கியபோதுதான் மாப்பிள்ளை தன் வீட்டின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். இருபது வருஷம் பார்த்த அதே சாம்பல் நிறம். அவர் மேஸ்திரியைத் திட்டவில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம் என்றிருந்தது மேஸ்திரிக்கு.

அந்த நேரம் பார்த்துச் சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் மண் முழங்கால் அளவுக்குக் குவிந்தது. முட்டுக் கம்புகள்மேல் கூரை சாய்ந்து தொங்கியது. மேஸ்திரியின் பூச்சு மட்டும், முதுகில் ஒரு பிடி மண் இல்லாமல், தூணுக்குத் தூண் விறைத்து நின்றது.

"இனி இவரை எங்கண்ணே கொண்டு போறது?" என்றாள் தங்கை. "உன் வீட்டு முன்னறை பூரா சிமெண்ட் மூட்டைல்ல கெடக்குது."

டெய்லர் குடையோடு வந்து, இடிந்த சுவரையும் தான் அடுக்கி வைத்த மண்கற்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நல்லவேளை, நான் இன்னும் ஆரம்பிக்கல. மண்ணு மண்ணுதாங்க."

"மண்ணு மேல பழி போடாதீங்க," என்றார் மேஸ்திரி. "அது நல்லாத்தான் நின்னுச்சு. நான் பூசின சிமெண்ட்தான் ஈரத்தை உள்ள பூட்டி வச்சுக் கொன்னுச்சு. நான்தான் இடிச்சேன்."

"தங்கச்சிக்காகச் சொல்றீங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?" டெய்லர் அவர் தோளில் கை வைத்தார். "எனக்கும் நீங்களே சிமெண்ட்ல கட்டிக் குடுத்துடுங்க."

"ஐயோ, சொல்றதைக் கேளுங்களேன்!"

மேஸ்திரி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த வெறும் பூச்சை டெய்லர் கண் முன்னாலேயே பொடிப்பொடியாக்கிவிட்டால் நம்புவார் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். கம்பி வலை அதிர்ந்து சுத்தியலைத் திருப்பித் தள்ளியது. மறுபடி அடித்தார். மூன்றாவது அடிக்குச் சுத்தியல் கை நழுவிச் சேற்றில் விழுந்தது. பூச்சில் வெள்ளையாக மூன்று புள்ளிகள் விழுந்திருந்தன, அவ்வளவுதான்.

கொட்டகையில் மாப்பிள்ளை இருமத் தொடங்கினார். டெய்லர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பூச்சை ஆசையோடு தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி," என்றார். "அசையுதா பாருங்க!"