எட்டு லிட்டர்

என் சகலைக்கு உயரம் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவனைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேரை வைத்தவன் நான்தான். மட்டம் தட்டத்தான் வைத்தேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று ஒரு பழமொழி இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது அவன் எந்த வேலையைச் சரியாக முடித்தாலும் யாராவது ஒருவர் அந்தப் பழமொழியைச் சொல்லி அவன் முதுகில் தட்டுகிறார். வாரத்துக்கு மூன்று தடவையாவது என் காதில் விழுகிறது.

என்னை எட்டு என்பார்கள். விலை உயர்ந்த கார்களுக்கு மட்டுமே ஆன எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எட்டு சிலிண்டர் எஞ்சின் எது வந்தாலும் காரைத் தூக்கி நிறுத்துகிற என் லிஃப்டுக்குத்தான் வரும். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன். இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உண்மை.

சகலையை இங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். சும்மா இருக்கிறானே என்று மேனேஜரிடம் நாலு வார்த்தை சொல்லி உள்ளே கொண்டுவந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அடுத்த வருடமே கம்பெனி பெரிய எஞ்சினைக் கைவிட்டது. அதே கார், அதே நீளம், பின்னால் அதே மாடல் எண். பானெட்டைத் திறந்தால் மட்டும் நாலு சிலிண்டர், கூட ஒரு டர்போ. எஞ்சினை விட்டு வெளியே போகிற புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றில் கூடுதல் காற்றை உள்ளே தள்ளி, நாலை வைத்து எட்டின் வேலையை வாங்குகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளப் பத்து நாள் பயிற்சிக்குப் போகச் சொல்லி மேனேஜர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"தையல் மெஷின் ரிப்பேரெல்லாம் எனக்கு எதுக்கு சார்? கடுகை அனுப்புங்க, சைஸும் பொருத்தமா இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை நான் தவளைக்குச் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் போனான், வந்தான். கார்கள் ஒவ்வொன்றாக அவன் லிஃப்டுக்கு மாறின. வீட்டில் என் மனைவி "அவரப் பாருங்க" என்று ஆரம்பித்தாள். அவர் புதுசா என்னமோ படிச்சிருக்காராம். அவரக் கேட்டுத்தான் மேனேஜரே முடிவு பண்றாராம். கல்யாணமான புதிதில் அவள் அவர் என்றால் அது நான். இப்போது அவர் என்றால் அவன். நான் நீங்க ஆகிவிட்டேன். புகையால் ஓடுகிற எஞ்சின் என்றார்களே, நானும்தான் அந்த இரண்டு வருடமும் புகைந்துகொண்டிருந்தேன். என் புகையில் எதுவும் சுற்றவில்லை.

என்னிடம் மிச்சம் இருந்தது கண் டாக்டரம்மா ஒருவர்தான். பதினோரு வருடம் அவருடைய எட்டு சிலிண்டர் காரை வேறு யாரும் தொட்டதில்லை. கார் உள்ளே வந்ததும் கண்ணாடியை இறக்கி, "எங்க என் ஆளு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அன்றைக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவேன்.

போன மாதம் அவரும் காரை மாற்றிவிட்டார். முதல் சர்வீஸுக்கு வந்தபோது பானெட்டைத் திறந்து பார்த்தேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி, அவ்வளவு பெரிய இடத்தில் எஞ்சின் தொளதொளவென்று உட்கார்ந்திருந்தது.

"இது உங்களுக்குப் பழக்கமா?" என்று டாக்டரம்மா தயங்கிக் கேட்டார். "கடுகுன்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்தான் இதுக்குன்னு சொன்னாங்க."

அவன் பேர் வெளியிலும் பரவிவிட்டதா? "எஞ்சின் எஞ்சின்தான் மேடம்" என்றேன்.

மேனேஜர் நடுவில் வந்தார். எங்கள் இடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் யார் பேர் இருக்கிறதோ, அந்தக் கார் கடைசிவரை அவருக்குத்தான். "இன்னிக்கு நீங்களே பண்ணுங்க. அட்டைல யார் பேருன்னு சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

எண்ணெய் மாற்றுவது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் கொடுக்கிற வேலை. பழைய எண்ணெயை இறக்கினேன், ஃபில்டரை மாற்றினேன், மேலே தொங்குகிற எண்ணெய்க் குழாயை இழுத்தேன். எத்தனை லிட்டர் என்று அதன் மீட்டரில் அழுத்திவிட்டால் அத்தனை ஊற்றிவிட்டுத் தானாக நிற்கும். அளவு வேலைச் சீட்டில் அச்சடித்திருந்தது. நான் சீட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் அறையில், சகலை டாக்டரம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். அவர் சிரித்தார். பதினோரு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தன் பாட்டுக்கு மீட்டரை அழுத்தியது.

எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியைத் தேடினேன். இந்த எஞ்சினில் அது கிடையாதாம், காருக்குள் இருக்கிற திரைதான் சொல்லுமாம், அதுவும் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடானால்தான். பானெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். புது வண்டியை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பயிற்சி எடுத்தவன் வேலை. அதாவது அவன் வேலை.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் கார் மறுபடி லிஃப்டில் தொங்குகிறது. அடியில் சகலை. நான் முடுக்கிய நட்டை, எண்ணெய் இறக்குகிற நட்டை, அவன் முடுக்கிக்கொண்டிருந்தான்.

அவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "நான் முடிச்ச வேலையத் திறந்து பாக்குற அளவுக்கு வந்துட்டியா? உன்ன இங்க சேத்துவிட்டது யாருன்னு மறந்துபோச்சா?"

மேனேஜர் ஓடிவந்தார். டாக்டரம்மாவும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். சகலை என்னைப் பார்த்தான். டாக்டரம்மாவைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்தான்.

"நட்டு லூஸோன்னு ஒரு சந்தேகம் சகல. என் பிரமைதான். நல்லாத்தான் இருக்கு."

"ஒருத்தர் முடிச்ச வேலைய அவரக் கேக்காம திறக்கறது என்ன பழக்கம்?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அட்டையில் என் பேர் ஏறியது. டாக்டரம்மா கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "அடுத்த தடவையும் நீங்கதான்" என்றார். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்பானர்களை அடுக்கக் குனிந்தேன். என் மேஜைக்கு அடியில் மூடி போட்ட ஒரு கேன் இருந்தது. திறந்தேன். எண்ணெய், தேன் நிறத்தில், அழுக்கே இல்லாமல். பக்கவாட்டுக் கோட்டில் இரண்டரை லிட்டர். டாக்டரம்மாவின் வேலைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐந்தரை லிட்டர் என்றிருந்தது. குழாய் மீட்டரில் கடைசியாக ஊற்றியது இன்னும் அப்படியே நின்றது: எட்டு, பழைய எஞ்சினின் அளவு.

அந்த எஞ்சினில் எட்டு லிட்டரோடு அவர் ஊர் சுற்றியிருந்தால் எண்ணெய் டர்போவுக்குள் ஏறி, நடுரோட்டில் நீலப் புகை கக்கியிருக்கும். பதினோரு வருடப் பேர் ஒரே நாளில் போயிருக்கும். ஓட்டிப் பார்த்தபோது திரையில் அதைக் கண்டு, அதிகமானதை இறக்கிவிட்டுத்தான் அவன் அந்த நட்டை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். மேனேஜர் திட்டும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேன் அவன் காலடியில்தான் இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"தங்கச்சி போன் பண்ணா. இன்னிக்கு அவர் ஏதோ தப்புப் பண்ணிட்டாராம், நீங்கதான் பாத்துச் சரி பண்ணீங்களாம். அவரே சொன்னாராம். உங்க அனுபவம் யாருக்கு வரும்னு சொன்னாராம்."

இரண்டு வருடமாக இந்த முகத்துக்குத்தான் காத்திருந்தேன். செருப்பைக் கழற்றவும் மறந்து நின்றேன். பேசாமல் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டரை லிட்டர் கண்ணை விட்டுப் போகவில்லை.

"தப்புப் பண்ணது நான்" என்றேன். "அஞ்சரை ஊத்த வேண்டிய இடத்துல எட்டு ஊத்திட்டேன். அவன்தான் பாத்து எடுத்திருக்கான். திட்டும் அவனே வாங்கிக்கிட்டான்."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "எவ்வளவு பெரிய மனசு அவருக்கு" என்றாள்.

சொல்வாள் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இருந்தாலும் சுட்டது.

போனை எடுத்துச் சகலையைக் கூப்பிட்டேன். "காலைல மேனேஜர்கிட்ட நடந்ததச் சொல்லிடறேன். டாக்டரம்மா அட்டைல உன் பேர எழுதச் சொல்றேன்."



"அதெல்லாம் எதுக்கு சகல? அஞ்சரைன்னு ஞாபகம் வச்சுக்கங்க, போதும்" என்றான்.

அவன் திட்டியிருக்கலாம். குத்திக்காட்டியிருக்கலாம். ஒரு சின்னச் சிரிப்பாவது சிரித்திருக்கலாம், நான் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். "நாளைக்கு அட்டைல உன் பேர்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். காரைக் கொடுத்துவிடலாம், டாக்டரம்மாவையும் கொடுத்துவிடலாம், வலிக்கும், ஆனால் கொடுத்துவிடலாம். அவனுக்கு இருக்கிற அந்த மனசு எனக்கு இல்லையே என்று வயிறு எரிந்ததே, அதைத்தான் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.